தமிழ்ச் சொல்லின் நீளத்திலிருந்து தொடங்கும் பக்கம்

மாணவர் பத்திரிகைக்குப் பக்கம் அமைக்க உட்காரும் பிள்ளைகள் முதலில் தேடுவது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஏதாவதொரு வார்ப்புருவைத்தான். அதில் பக்கத்தை நெடுக்காகப் பிரிக்கும் நான்கு நிரல்கள் இருக்கும், மேலே பெரிய படத்துக்கு இடம் இருக்கும், மாதிரிக்காக நிரப்பிய ஆங்கில வரிகள் ஒழுங்காக அமர்ந்திருக்கும். மட்டக்களப்பில் உயர்தர ஊடகக் கற்கை மாணவர்களோடு சேர்ந்து பாடசாலைப் பத்திரிகை தயாரித்துவரும் எனக்கு, அந்த வார்ப்புருவுக்குள் தமிழைக் கொட்டியதும் நடப்பதைப் பார்த்துப் பார்த்து ஒரு கருத்து உறுதியாகிவிட்டது. பக்கத்தின் அளவுகள் எல்லாம் தமிழ்ச் சொல்லின் நீளத்திலிருந்தே பிறக்க வேண்டும். வேறு மொழிக்கு அளந்து வைத்த பெட்டிக்குள் நம் சொற்களைத் திணித்துவிட்டு, பிறகு எழுத்துருவையும் கணினியையும் குறை சொல்வதில் பயனில்லை.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். எங்களைப் போன்ற பாடசாலைகளுக்குக் கட்டுப்படியாவது, ஏ3 தாளை நடுவில் மடித்தால் வரும் ஏ4 பக்கம். அதன் அகலம் 210 மில்லிமீற்றர். இருபுறமும் 15 மில்லிமீற்றர் ஓரம் விட்டால் எழுத்துக்கு மிஞ்சுவது 180 மில்லிமீற்றர். வார்ப்புரு சொல்கிறபடி அதை நான்காகப் பிரித்து, நிரல்களுக்கிடையே 5 மில்லிமீற்றர் வெளி விட்டால், ஒரு நிரலின் அகலம் 41 மில்லிமீற்றரைச் சற்றே தாண்டும். ‘மாணவர்களுக்காகவும்’ என்ற ஒரு சொல்லை 10 புள்ளி (எழுத்தளவின் அலகான ‘பொயின்ற்’) அளவில் அந்த நிரலுக்குள் அச்சிட்டுப் பாருங்கள். வரியின் பெரும்பகுதியை அதுவே பிடித்துக்கொள்ளும். பன்மை விகுதி, வேற்றுமை உருபு, இடைச்சொல் என்று ஒவ்வொன்றும் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வருவதால், நம் செய்தி வரிகளில் இப்படிப்பட்ட சொற்கள் அரிதானவையல்ல. இருபுற ஓரங்களையும் சமன் செய்யும்படி கணினிக்குக் கட்டளையிட்டால், வரியிலுள்ள இரண்டு சொற்களையும் இரு கரைகளுக்கும் தள்ளிவிட்டு, நடுவில் பெரிய வெளியை அது விட்டுவைக்கும். தரம் 12 மாணவி ஒருத்தி தன் கட்டுரையை முதன்முதலாக அப்படிப் பார்த்தபோது, “டீச்சர், என்ன இது, பல்லு விழுந்த மாதிரிக் கிடக்கு” என்றாள். அவள் சொன்னதைவிடச் சரியாக அதை விவரிக்க என்னால் முடியாது.

ஆகவே மூன்று நிரல்களுக்கு மேல் போகக்கூடாது என்பது எங்கள் ஆசிரியர் குழுவின் விதி. இடைவெளி 6 மில்லிமீற்றராக இருந்தால் ஒவ்வொரு நிரலும் 56 மில்லிமீற்றர் அகலம் பெறும். செய்திக்கு இது போதும். சிறுகதை, நேர்காணல், நீண்ட கட்டுரை ஆகியவற்றுக்கு இரண்டு நிரல்களே நல்லது. அப்போது ஒவ்வொன்றும் 87 மில்லிமீற்றர் வரும், கண் அலையாமல் வாசிக்கலாம். நான்கு நிரல்களைப் பெயர்ப்பட்டியலுக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறோம்.

ஓரம் இருபுறமும் நேராக இருந்தால்தான் பத்திரிகைபோலத் தெரியும் என்ற நம்பிக்கை பிள்ளைகளிடம் ஆழமாக இருக்கிறது. வீட்டுக்கு வரும் நாளிதழ்களில் அவர்கள் கண்டு பழகியது அது. அப்படி வேண்டுமானால் வரியிறுதியில் சொல்லைப் பிரிக்கத் துணிய வேண்டும், பிரிப்பதற்கான நம் மரபையும் அறிந்திருக்க வேண்டும். தமிழில் சொல்லைப் பிரிக்கும்போது இணைகோடு போடுவதில்லை. புள்ளி வைத்த மெய்யெழுத்து அடுத்த வரியின் தலையில் வரக்கூடாது. ‘பாடசாலைகளுக்கிடையிலான’ என்பதைப் பிரிக்க நேர்ந்தால் ‘பாடசாலைகளுக்’ என்று ஒரு வரியை முடித்து ‘கிடையிலான’ என்று அடுத்ததைத் தொடங்கலாம். ‘க்கிடையிலான’ என்று தொடங்குவது கண்ணில் மண் விழுந்ததுபோல உறுத்தும். ஒற்றை எழுத்தை மட்டும் அடுத்த வரிக்குத் தள்ளுவதும் அழகில்லை. இவற்றையெல்லாம் வரி வரியாகப் பார்த்துத் திருத்த நேரம் இல்லாத குழு, இடப்பக்க ஓரத்தை மட்டும் நேராக்கி வலப்பக்கத்தை அதன் போக்கில் விடுவதே நேர்மையான தீர்வு. நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம்.

எழுத்துரு பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஒருங்குறிக்கு (யூனிகோட்) முந்திய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகள் நம் பாடசாலைகளிலும் அச்சகங்களிலும் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. பாமினியில் எழுத்து தமிழாகத் தெரிந்தாலும் கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கிலக் குறிகளின் வரிசைதான். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், புள்ளி வைத்த எழுத்து வரவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி நிற்கும் குவியலாகத் தெரியும். கணினிக்குக் கொம்பும் அதற்குரிய மெய்யும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பது தெரியாது. சொல்லைப் பிரிக்க விட்டால் கொம்பை ஒரு வரியிலும் மெய்யை அடுத்த வரியிலும் போட்டுவிடும். ஒருங்குறியில் இந்தத் தொல்லை இல்லை. நோட்டோ செரிப் தமிழ், முக்த மலர், கட்டமரன் (Catamaran), ஹிந்த் மதுரை போன்ற எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பக்கம் அமைக்கும் மென்பொருளில் ஸ்கிரைபஸின் 1.6 பதிப்பு தமிழைச் சரியாகக் கோக்கிறது, அதற்கும் காசில்லை. இன்டிசைன் பாவிப்பவர்கள் பத்தி அமைப்பில் ‘வேர்ல்ட் ரெடி’ என்பதைத் தெரிவு செய்ய மறந்தால் கொம்புகள் இடம் மாறி நிற்கும்.

வரி இடைவெளியிலும் ஆங்கிலக் கணக்கு நமக்குப் பொருந்தாது. இகர, ஈகாரக் குறிகள் மேலே எழும்பும். உகர, ஊகாரக் குறிகள் கீழே இறங்கும். 10 புள்ளி எழுத்துக்கு, ஒரு வரியின் அடியிலிருந்து அடுத்த வரியின் அடிவரை 12 புள்ளி இடைவெளி கொடுத்தால் ‘கூடு’ என்பதன் கால் அடுத்த வரியிலுள்ள ‘தீ’யின் தலையைத் தொடப் பார்க்கும். 14 புள்ளி கொடுத்தால் பக்கம் மூச்சு விடுகிறது. இதில் இன்னொரு வசதியும் உண்டு. ஏ4 தாளின் உயரமான 297 மில்லிமீற்றரில் மேலும் கீழும் 20 விட்டால் மிஞ்சும் 257 மில்லிமீற்றருக்குள் 14 புள்ளி இடைவெளியில் சரியாக 52 வரிகள் அடங்கும். எல்லா நிரல்களுக்கும் இதே 52 வரிகள் என்று வைத்துக்கொண்டால் பக்கத்துப் பக்கத்து நிரல்களின் வரிகள் ஒரே கோட்டில் நிற்கும். தாளின் மறுபக்க எழுத்து ஊடுதெரிந்தாலும் அவ்வளவாகக் குழப்பாது. அத்துடன், எழுதுபவரிடம் ‘ஒரு பக்கத்துக்கு எழுது’ என்று சொல்வதை விட்டுவிட்டு, ‘உனக்கு மூன்று நிரல் பக்கத்தில் 30 வரி’ என்று சொல்ல முடிகிறது. வரி எண்ணிக்கை தெரிந்து எழுதும் மாணவர், வரவேற்புரை நிகழ்த்தியவர் முதல் நன்றியுரை கூறியவர் வரை அனைவரையும் அடுக்குவதற்குள் தன் 30 வரி தீர்ந்துவிடும் என்பதைத் தானே கண்டுகொள்கிறார்.

கணினியைத் திறப்பதற்கு முன், பென்சிலும் அடிமட்டமும் கொண்டு வெறுந்தாளில் டம்மி (பக்கங்களின் மாதிரி வரைபடம்) வரைய வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். எட்டுப் பக்க இதழுக்கு இரண்டு ஏ3 தாள்கள். அவற்றை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்துப் பக்க எண்ணை எழுதிவிட்டு விரித்துப் பார்த்தால், 8ஆம் பக்கத்துக்கு அருகில் 1ஆம் பக்கமும், அதன் மறுபுறம் 2உம் 7உம், உள் தாளில் 6உம் 3உம், அதன் மறுபுறம் 4உம் 5உம் நிற்பதைப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே கண்டுகொள்வார்கள். மடிப்பைத் தாண்டிப் படம் போடுவதென்றால், ஒரே தாளில் அடுத்தடுத்து வரும் 4, 5ஆம் பக்கங்களில்தான் தயங்காமல் போடலாம். மற்றப் பக்கங்களில் படத்தின் ஒரு பாதி ஒரு தாளிலும் மறு பாதி இன்னொரு தாளிலும் விழும். மடிக்கும் கை சற்றுப் பிசகினாலும் முகம் இரண்டாகும்.

முதற்பக்கத்துக்குத்தான் எங்கள் குழு அதிகம் வாதாடுகிறது, வாதாடவும் வேண்டும். எது மேலே, எது பெரிதாக, எது படத்தோடு என்று தீர்மானிப்பது அலங்கார வேலையாகப் பலருக்குத் தோன்றுகிறது. என் பார்வையில் ஆசிரியர் குழு எடுக்கும் முதன்மையான முடிவே அதுதான். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சாய்வெழுத்து என்று வேறுபடுத்த வழிகள் உண்டு. தமிழில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கிடையாது. கணினி சாய்த்துத் தரும் தமிழோ பார்க்கச் சகிக்காது. எழுத்தின் அளவு, தடிப்பு, சுற்றியுள்ள வெற்றிடம் ஆகிய மூன்றையும் வைத்தே முக்கியத்துவத்தைக் காட்ட வேண்டியிருக்கிறது. தலைச்செய்திக்கு 36 புள்ளி, இரண்டாவதற்கு 24, ஏனையவற்றுக்கு 16 என்று வைத்திருக்கிறோம். 36 புள்ளித் தடித்த எழுத்தில் ‘மட்டக்களப்பில்’ என்ற சொல் மட்டுமே பக்க அகலத்தில் ஏறக்குறைய பாதியைப் பிடித்துவிடும். எங்கள் வாசகர்கள் எல்லோரும் இவ்வூரார் என்பதால், தலைப்பில் ஊர்ப்பெயர் தேவையில்லை என்று முடிவு செய்தோம். அந்த இடம் வினைச்சொல்லுக்குக் கிடைத்தது.

விழாவொன்று நடந்தால் மங்கல விளக்கேற்றும் படம் கட்டாயம் வரும். அதை முதற்பக்கத்தில் போட வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் கூடவே வரும். விருந்தினருக்குரிய மரியாதையை நான் மறுக்கவில்லை. அதற்கு உட்பக்கத்தில் நல்ல இடம் உண்டு. இல்ல விளையாட்டுப் போட்டி இதழில், நீளம் பாய்தலில் மணலைத் தொடும் கணத்தில் பிடித்த மாணவியின் படத்தை மூன்று நிரல் அகலத்துக்குப் போட்டோம். அதே பக்கத்தின் கீழ்ப்பாதியில், காலையில் பஸ் நிறுத்தாமல் போவதால் தூர இடத்துப் பிள்ளைகள் முதற் பாடத்தை இழப்பது பற்றிய செய்தி வந்தது. அச்சாகி வந்த அன்று பிள்ளைகள் வகுப்பறை வாசலில் நின்று முதலில் வாசித்தது அந்தச் செய்தியை. மாணவர் பத்திரிகையின் மேற்பாதி மாணவருக்கு உரியது என்பதை நான் எங்கேயும் அழுத்திச் சொல்வேன்.

படங்களைப் பொறுத்தவரை, வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிப்போகும். கோப்பாக இணைத்து அனுப்பச் சொல்ல வேண்டும். 1600 பிக்சல் அகலமுள்ள படத்தை அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில் அச்சிட்டால் கிடைப்பது 135 மில்லிமீற்றர்தான்; பக்கம் முழுவதற்கும் அது போதாது. குழுப்படங்களில் ஒவ்வொரு முகமும் சுண்டுவிரல் நகத்தளவாவது தெரியும்படி அகலம் கொடுப்போம், ஏனென்றால் அந்த இதழை வெட்டி வைப்பவர் அந்தப் பிள்ளையின் தாய். பெயர்ப்பட்டியலில் முதலெழுத்து ஒரு வரியிலும் பெயர் மறுவரியிலும் போகாதவாறு, இரண்டுக்கும் இடையில் பிரியா இடைவெளி போட வேண்டும். சின்ன வேலைதான். செய்யாவிட்டால் புலமைப்பரிசிலில் சித்தியடைந்த பிள்ளை தன் பெயரைத் தேடும்போது அடுத்தவரின் முதலெழுத்தோடு காண நேரிடும்.

எங்கள் இதழ்கள் போட்டோப் பிரதி இயந்திரத்தில் அச்சாகின்றன. அதில் மை சற்றுப் பரவினாலும் ண, ன, ஞ போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். ஆதலால் 9 புள்ளிக்குக் கீழே தடித்த எழுத்து வேண்டவே வேண்டாம். சாம்பல் நிறப் பெட்டிக்குள் எழுத்தைப் போடுவதையும் நிறுத்திவிட்டோம். கார்த்திகை, மார்கழி மழையில் இன்னொரு சிக்கல்: திறந்து வைத்த கட்டிலிருந்து எடுத்த தாள் ஈரத்தை உறிஞ்சி ஓரம் சுருண்டு, இயந்திரத்துக்குள் சிக்கும். தாள் கட்டை அச்சிடும் நேரத்தில்தான் பிரிக்க வேண்டும். படம் விளிம்புவரை ஓடும் வடிவமைப்பையும் இந்த இயந்திரம் தாங்காது, சுற்றிலும் சில மில்லிமீற்றரை அது வெறுமையாகவே விடும்.

பக்க எண்ணுக்குரிய வரியைப் பலர் கவனிப்பதில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் பத்திரிகையின் பெயர், இதழ் எண், மாதம், ஆண்டு, பக்க எண் ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணைய எண்ணிம நூலகத்தில் பழைய பாடசாலைச் சஞ்சிகைகளைப் பார்த்திருப்பவர்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. தனித்தாளாகக் கையில் கிடைக்கும் ஒரு பக்கம் எந்த ஆண்டுக்குரியது என்று அந்தத் தாளே சொல்ல வேண்டும். நாங்கள் ஒவ்வொரு இதழிலும் மடிக்காத ஒரு பிரதியை ஸ்கான் செய்வதற்காக எடுத்து வைப்பதோடு, பி.டி.எஃப். கோப்பையும் ஒருங்குறியில் உள்ள மூலப்பிரதியையும் ஒரே கோப்புறையில் இதழ் எண்ணிட்டுச் சேமிக்கிறோம். அடுத்த ஆண்டுக் குழுவிடம் அந்தக் கோப்புறையையும், 52 வரிகள் கோடிட்ட வெறும் டம்மித் தாள்களையும் ஒன்றாகவே கையளிப்போம்.