தட்டேக்காட்டில் தவளைவாயனுக்கு முன்னால்

கேரளத்தின் தட்டேக்காடு பறவைகள் சரணாலயத்தில் தவளைவாயன் என்ற பறவையைப் பார்ப்பது பெரிய கஷ்டமில்லை. வழிகாட்டி கூட்டிக்கொண்டு போய் நிறுத்தி, விரலை நீட்டுவார். அந்தத் திசையில் காய்ந்த இலைக்கொத்துதான் தெரியும். கொஞ்ச நேரத்தில் அதில் ஒன்றுக்கு மீசை இருப்பது புலப்படும். கஷ்டமெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆறு பேர் அந்தப் பறவைக்கு முன்னால் எப்படி நின்று எப்படித் திரும்புகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த வாரம் வருகிறவர்களுக்கு அது அங்கே இருக்கும்.

இடம் பற்றிச் சுருக்கமாக. எர்ணாகுளம் மாவட்டத்தில், பெரியாற்றின் கரையில் சுமார் 25 சதுர கி.மீ. காடு. சாலிம் அலி 1933இல் திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளில் பறவைக் கணக்கெடுப்பு நடத்தியபோது கவனித்துச் சொன்ன இடம். 1983இல் சரணாலயமாகி, அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ரயிலில் வருகிறவர்கள் ஆலுவாவில் இறங்கி, மூணாறு போகும் பஸ்ஸில் ஏறிக் கோதமங்கலத்தில் இறங்கலாம். அங்கிருந்து தட்டேக்காடு பன்னிரண்டு, பதின்மூன்று கி.மீ. தேனி பக்கமிருந்து காரில் வந்தால் மூணாறு, அடிமாலி, நேரியமங்கலம் வழி. மலைப்பாதையில் இரவில் ஓட்டி வந்து, தூங்காமல் விடியற்காலையில் காட்டுக்குள் நுழைவது வீண் வேலை. முந்தின நாள் மதியமே வந்துவிட்டால் மாலை நடை ஒன்று கூடுதலாகக் கிடைக்கும்.

நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். ஆறுமணிக் குருவி போன்ற வலசைப் பறவைகள் அப்போதுதான் இருக்கும். தவளைவாயன் ஆண்டு முழுக்க அங்கேயே வாழ்வது. ஆனால் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை கூடு கட்டியிருக்க வாய்ப்பு உண்டு என்பதை மனதில் வைக்க வேண்டும். மழைக்காலத்தில் அட்டைகள் பாடாய்ப் படுத்தும். முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறை அப்போது கட்டாயம். குளிர்காலத்திலும் ஓடையோரம் போவதாக இருந்தால் பையில் ஒரு ஜோடி கிடக்கட்டும்.

ஒரு வழிகாட்டிக்கு நான்கு பேர் என்றால் சௌகரியம், ஆறு பேர் உச்சம். அதற்கு மேல் போனால் பின்னால் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாதவர் நகர்வார், நகர்ந்தால் சருகு நொறுங்கும். பத்துப் பேராக வந்திருந்தால் இரண்டாகப் பிரிந்து, இரண்டு வழிகாட்டிகளோடு வெவ்வேறு பாதையில் போவது நல்லது. பைனாகுலர் 8x42 (எட்டு மடங்கு உருப்பெருக்கம், 42 மி.மீ. முன்கண்ணாடி) போதும். பத்து மடங்கு உருப்பெருக்கம் கடற்கரைக்கும் ஏரிக்கும் சரி. மரநிழலில் கை நடுக்கத்தைத்தான் அது பெருக்கிக் காட்டும், வெளிச்சமும் குறையும். 8x42இல் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டம் 5.25 மி.மீ., 10x42இல் 4.2 மி.மீ. காலை ஆறரை மணிக்குக் காட்டுக்குள் நின்றால் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

இனி தவளைவாயன். மைனா அளவு, சுமார் 23 செ.மீ. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் மட்டும் உள்ளது. உள்ளூர் வழிகாட்டிகள் மாக்காச்சிக்காட என்பார்கள். பகல் முழுக்க ஜோடியாக, தோளோடு தோள் உரசிக்கொண்டு தாழ்ந்த கிளையிலோ கொடிப் பின்னலிலோ உட்கார்ந்திருக்கும். சாம்பல் நிறம் தூக்கலாக இருந்தால் ஆண், செம்பழுப்பாக இருந்தால் பெண். நம்மைப் பார்த்துவிட்டால் பறக்காது. அலகை மெல்ல மேலே தூக்கி, உடம்பை ஒடுக்கி, கண்ணைக் கீறல் மாதிரி சுருக்கி, ஒடிந்த கொம்பாக மாறிவிடும். தூங்குகிறது என்று நினைத்து இன்னும் கிட்டே போகிறவர்கள் உண்டு. தூக்கமில்லை, நம்மால் வந்த பயம். அலகு மேலே போவது தெரிந்ததுமே இரண்டடி பின்வாங்கினால், சில நிமிடங்களில் பழையபடி தளர்ந்து உட்காரும்.

ஆறு மீட்டருக்கு உள்ளே போக வேண்டாம். இரண்டிரண்டு பேராகப் போய், இரண்டு மூன்று நிமிடம் பார்த்துவிட்டுத் திரும்புவது வசதி. மற்றவர்கள் பாதையிலேயே நிற்கட்டும். கேமராவில் ஃப்ளாஷை மட்டும் அணைத்தால் போதாது. ஃபோகஸுக்கு உதவும் சின்ன விளக்கு ஒன்று முன்பக்கம் எரியும், அதையும் மெனுவில் தேடி அணைக்க வேண்டும். பறவை அசையாது என்பதால் முக்காலி இருந்தால் 1/15 விநாடியில்கூட எடுக்கலாம், ஐஎஸ்ஓ 800 போதும். கையில் பிடித்து எடுக்கிறவர்கள் 1/125, ஐஎஸ்ஓ 6400 என்று போக வேண்டிவரும். படம் கெடுவது பெரும்பாலும் வெளிச்சக் குறைவால் அல்ல, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இலையை ஆட்டோஃபோகஸ் பிடித்துக்கொள்வதால். ஒற்றை ஃபோகஸ் புள்ளியை மீசை மயிர்களின் மேல் வையுங்கள், இல்லையென்றால் கையால் ஃபோகஸ் செய்யுங்கள்.

அந்த இலையை ஒடித்துவிடச் சொல்லும் ஆட்கள்தான் பெரிய தொல்லை. வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதுகூட இல்லை, 'மறைக்குதே' என்று முனகினாலே போதும், கூடுதல் பணம் எதிர்பார்க்கும் வழிகாட்டி கையை நீட்டிவிடுவார். மறைப்பு போனால் பறவை இடம் மாறும். பகலில் ஒன்று மட்டும் தனியாகக் கவட்டையில் உட்கார்ந்திருந்தால் அடியில் கூடு இருக்கலாம். பாசியும் மரப்பட்டைத் துணுக்கும் வைத்துக் கட்டிய சின்னக் கிண்ணம், பறவை உட்கார்ந்தால் முழுக்க மறைந்துவிடும். உள்ளே ஒரே முட்டை. பகலில் அடைகாப்பது ஆண். அப்படித் தெரிந்தால் நிற்காமல் நடந்துவிட வேண்டும்.

தீக்காக்கை (மலபார் ட்ரோகன், காக்கை இனமல்ல) வேறு மாதிரிப் பிரச்சினை. அதன் சிவந்த வயிற்றைப் பார்க்கத்தான் எல்லோரும் வருவார்கள். அதுவோ ஆள் வந்ததும் பழுப்பு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொள்ளும். துரத்தாமல், துடுப்புவால் கரிச்சான் சத்தம் கேட்கும் இடத்தில் அசையாமல் நில்லுங்கள். பல இனங்கள் சேர்ந்து இரை தேடும் கூட்டத்தில் கரிச்சான் இருக்கும், பின்னாலேயே மின்சிட்டு, மரங்கொத்தி, அரசவால் ஈப்பிடிப்பான் என்று வரிசையாக வரும். தீக்காக்கையும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளும். கூட்டம் ஐந்து பத்து நிமிடத்தில் கடந்துவிடும். அந்த நேரத்தில் 'அதோ, அங்க, அந்தக் கிளையில' என்பதால் யாருக்கும் பிரயோஜனமில்லை. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: 'வெள்ளைப் பட்டை மரம், தரையிலேர்ந்து மேல வாங்க, முதல் கவட்டை, அதுலேர்ந்து மூணு மணி, ரெண்டு முழம்.' எல்லோரும் பார்க்கக்கூடிய பெரிய பொருளில் தொடங்கி, கடிகார முள்ளின் திசை, கடைசியாகத் தூரம். லேசர் பேனாவை நாங்கள் வைத்துக்கொள்வதில்லை. வைத்திருக்கும் வழிகாட்டியிடம், பறவைக்கு ஒரு மீட்டர் கீழே, மரத்தின் மேல் மட்டும் காட்டும்படி முன்கூட்டியே சொல்லிவிடுவோம்.

பதிவுசெய்த குரலைப் போட்டு அழைப்பது வேண்டவே வேண்டாம். தன் எல்லைக்குள் வேறொரு ஆண் வந்துவிட்டது என்று நினைத்து, இரை தேடுவதை விட்டுவிட்டுப் பறவை சண்டைக்கு வரும். பல குழுக்கள் மாறிமாறி வரும் இடத்தில் இந்தச் சண்டை நாள் முழுக்க நடக்கும். தவளைவாயன் அடையும் கொடியைப் படத்தோடு பகிரும்போது போனில் பதிவான இருப்பிடத்தை நீக்கிவிடுங்கள்.

மாலைக்குப் பாறைவெளி. சூரியன் மறைவதற்கு இருபது நிமிடம் முன்பே போய், மேற்கு வானம் தெரியும்படி உட்கார வேண்டும். பெரிய காதுப் பக்கி என்ற இரவுப் பறவை இருட்டும் நேரத்தில் மரங்களுக்கு மேலே பருந்து போல நிதானமாகச் சுற்றும், 40 செ.மீ. நீளம். கால் மணி நேரத்துக்குள் இருட்டிவிடும், பிறகு குரல் மட்டும்தான். டார்ச்சை முதலிலேயே அடித்தால் வானத்தில் தெரியும் நிழலுருவமும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

திரும்பும்போது யானை. மூங்கில் ஒடியும் சத்தமோ ஈரம் காயாத சாணமோ தெரிந்தால் வழிகாட்டி சொல்வதே முடிவு. 'இன்னும் அஞ்சு நிமிஷம்' என்று அவரிடம் யாரும் பேரம் பேசக் கூடாது.

பே ஆந்தை என்று எல்லோரும் ஆசையோடு கேட்கும் சிறிய செம்பழுப்புக் கூகையை எதிர்பார்த்துப் பயணத்தைத் திட்டமிடாதீர்கள். பகலில் அடர்ந்த புதருக்குள் அடைந்துகிடக்கும், இரவில்தான் வெளியே வரும். அடையும் இடம் அந்த வாரம் வழிகாட்டிக்குத் தெரிந்திருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. பணம் கூட்டிக் கொடுத்தாலும் கிடைக்காது. அதற்காக ஒரு நாளைச் செலவழிப்பதைவிட, மூங்கில் காட்டோரம் சாம்பல்தலைச் சின்னானுக்குக் காத்திருக்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் அது கிடையாது, ஆனாலும் அதைக் கேட்டு வருகிறவர்கள் குறைவு.