முட்டி மாற்றியவருக்கு இரண்டு டாக்டர்: யார் எதைப் பார்ப்பது?

முட்டியோ இடுப்பு மூட்டோ மாற்றிக்கொள்ள வருபவர்களில் பலருக்கு வயதோடு சுகர், பிபி, இதயத்தில் ஸ்டென்ட், சிறுநீரகக் கோளாறு என்று ஏதாவது ஒன்று கூடவே இருக்கும். ஆபரேஷன் சுத்தமாக முடிந்தபிறகும் வார்டில் தலைவலி கொடுப்பவை இவைதான். அதனால்தான் ஆர்த்தோ சர்ஜனும் (எலும்பு மூட்டு அறுவை மருத்துவர்) பிசிஷியனும் (சுகர், பிபி போன்றவற்றைப் பார்க்கும் பொது மருத்துவர்) சேர்ந்து பார்க்கும் முறை வந்தது. நிலைமை மோசமானபின் பிசிஷியனைக் கூப்பிடுவதோ, முன்கூட்டியே 'ஃபிட்னஸ்' கையெழுத்து வாங்கிவைத்துக்கொள்வதோ இதில் சேராது. அட்மிஷனிலிருந்து டிஸ்சார்ஜ் வரை அவரும் தினமும் ரவுண்ட்ஸ் வரவேண்டும்; மருந்தைத் தானே மாற்றும் அதிகாரமும் வேண்டும்.

மாத்திரைக் கணக்கு முன்பே தொடங்கிவிடும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளில் வார்ஃபரின் என்றால் 5 நாள், குளோபிடோக்ரெல் 5 முதல் 7 நாள் முன்பு நிறுத்துவது வழக்கம். புதிதாக ஸ்டென்ட் வைத்தவருக்கு மட்டும் இதய மருத்துவரைக் கேட்காமல் கைவைக்கக் கூடாது. சுகர் மாத்திரைகளான டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் இரண்டையும் 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். அதிகம் கோட்டைவிடப்படுவது இதுதான். விட்டுவிட்டால் சுகர் பெரிதாக ஏறாமலேயே கீட்டோஅசிடோசிஸ் (ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்தான நிலை) வரலாம். குளுக்கோமீட்டரை மட்டும் பார்ப்பவர் ஏமாந்துபோவார். ஏற்கெனவே சாப்பிட்டுவரும் பீட்டா பிளாக்கரை (இதயத் துடிப்பையும் பிபியையும் குறைக்கும் மாத்திரை) திடீரென நிறுத்தக் கூடாது.

இருவர் பார்க்கும் இடத்தில் தப்பு எப்படி நடக்கிறது என்பதற்கு ஆபரேஷனுக்கு மறுநாளைப் பார்க்கலாம். வலிக்கு சர்ஜன் டைக்லோஃபெனாக் எழுதியிருக்கிறார். வீட்டில் சாப்பிட்ட பிபி மாத்திரை என்று டெல்மிசார்ட்டானும் ஹைட்ரோகுளோரோதையசைடும் தானாகவே சார்ட்டில் ஏறிவிட்டன. நோயாளிக்கு ரத்தம் போயிருக்கிறது, வாந்தியில் சரியாகத் தண்ணீரும் குடிக்கவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் மூன்று மருந்துக்கும் நியாயம் உண்டு. ஒன்றுசேர்ந்தால் சிறுநீரகம் படுத்துவிடும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 0.9-லிருந்து 1.6 ஆன பிறகுதான் யாராவது சார்ட்டை முழுதாகப் படிப்பார்கள். பிபி மாத்திரையைத் திரும்பத் தொடங்குவது பிசிஷியன் மட்டுமே என்று முதல்நாளே எழுதிவைத்தால் இது பெரும்பாலும் நடக்காது. அன்று காலை பிபி, யூரின் அளவு, கிரியாட்டினின், சோடியம் நான்கையும் பார்த்தபிறகே தொடங்கலாம். சோடியத்தைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு: ஹைட்ரோகுளோரோதையசைடு போன்ற தையசைடு மாத்திரை சோடியத்தைக் குறைக்கும், சோடியம் குறைந்தால் புத்தி தடுமாறும்; அதைச் சாப்பிடும் முதியவர் ராத்திரியில் உளறினால் தூக்க ஊசி போடுவதற்கு முன் சோடியம் பார்க்க வேண்டும், மூத்திரம் கட்டியிருக்கிறதா என்று அடிவயிற்றைத் தொட்டும் பார்க்க வேண்டும்.

காயம், டிரெஸ்ஸிங், பாதம் தூக்க முடிகிறதா என்பது, எவ்வளவு எடை ஊன்றலாம் என்பது எல்லாம் சர்ஜன் பொறுப்பு. இதில் குழப்பம் குறைவு.

ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துதான் இழுபறி. ரத்தக்கசிவு என்று சர்ஜன் தயங்குவார், நுரையீரலுக்கு ரத்தக்கட்டி போய்விடும் என்று பிசிஷியன் அவசரப்படுவார். நடுவில் மயக்க மருத்துவரும் உண்டு: எபிடியூரல் குழாய் (வலி மருந்து செலுத்த முதுகில் வைக்கும் குழாய்) இருந்தால், ரத்தம் உறையாமல் தடுக்கும் எனாக்சபரின் ஊசி 40 மி.கி. போட்டு 12 மணி நேரம் கழித்தே அதை உருவ வேண்டும், உருவி 4 மணி நேரம் கழித்தே அடுத்த ஊசி. மூவரும் பேசி முடிவெடுக்கட்டும். ஆனால் ஆர்டர் எழுதும் கை ஒன்றாகவே இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒருவர் எனாக்சபரினும் இன்னொருவர் அதே வேலைக்கான மாத்திரை ரிவராக்சபனும் எழுதி, நர்ஸ் இரண்டையும் கொடுத்துவிடுவார். அல்லது மற்றவர் எழுதியிருப்பார் என்று இருவருமே விட்டுவிடுவார்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டில் ரத்தம் உறையாமல் தடுக்கும் இந்த மருந்தை எந்தத் தேதியோடு நிறுத்த வேண்டும், நிறுத்திவைத்த பழைய மாத்திரைகளை என்று தொடங்க வேண்டும் என்று தேதி போட்டே எழுத வேண்டும். 'முன்பு போலத் தொடரவும்' என்று எழுதினால் வீட்டில் இருப்பவர்கள் பழைய குளோபிடோக்ரெலையும் புது ரிவராக்சபனையும் சேர்த்தே கொடுப்பார்கள்.