டாக்கரில் போஸ்ட்கிரெஸ்: முதல் ஸ்டார்ட்டிலேயே முடிவாகிவிடும் விஷயங்கள்

திருப்பூரில் ஒரு நிட்டிங் யூனிட். நூல் வரவு, ரோல் எடை, டையிங்குக்குப் போன சலான் எல்லாம் எக்செலில் கிடந்தன. அதை போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் சர்வருக்கு மாற்றும் வேலை. ஆபீஸில் ஒரு உபுண்டு (லினக்ஸ்) மெஷின், அதில் மென்பொருளைக் கண்டெய்னர் என்ற தனி உறைக்குள் ஓட்டும் டாக்கர். கண்டெய்னரை எழுப்புவது பத்து நிமிட வேலைதான். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் கொடுத்த சிலவற்றைப் பின்னால் லேசில் மாற்ற முடியாது.

காரணம் இதுதான். டேட்டா டைரக்டரி காலியாக இருந்தால் மட்டுமே இமேஜ் (கண்டெய்னர் உருவாகும் அச்சு) புது டேட்டாபேஸை உருவாக்கும். பாஸ்வேர்டு, யூசர் பெயர், டேபிள் உருவாக்கும் ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் அப்போதுதான் படிக்கும். அடுத்த முறை வால்யூமில் (கண்டெய்னர் அழிந்தாலும் டேட்டா தங்கும் இடம்) ஏற்கெனவே டேட்டா இருக்கும். காம்போஸ் ஃபைலில் (கண்டெய்னரின் செட்டிங்குகளை எழுதிவைக்கும் ஃபைல்) இவற்றை மாற்றினாலும் கண்டுகொள்ளாது. "பாஸ்வேர்டை மாத்தியும் பழசைத்தானுங்க எடுக்குது" என்று வரும் புகார் முக்கால்வாசி இதுதான். உள்ளே போய் ஆல்டர் யூசர் கொடுத்துத்தான் மாற்ற வேண்டும். கண்டெய்னருக்குள்ளிருந்து சோதித்தால் பாஸ்வேர்டு கேட்காமலே விட்டுவிடும், உள் இணைப்புகளை அது நம்பிக்கொள்வதால். சோதனையை வெளியிலிருந்து செய்யுங்கள்.

வால்யூம் பாதையில் ஒரு பொறி உண்டு. போஸ்ட்கிரெஸ் 17-ஆம் வெர்ஷன் வரை டேட்டா இருக்குமிடம் /வார்/லிப்/போஸ்ட்கிரெஸ்கியூஎல்/டேட்டா. கடைசி 'டேட்டா'வை விட்டுவிட்டு வால்யூமை மவுண்ட் செய்தால் (மாட்டினால்) டாக்கர் தானாக ஒரு பெயரில்லாத வால்யூமை மாட்டிக்கொள்ளும். கண்டெய்னரை அழித்துப் புதிதாக எழுப்பும் நாளில் டேபிள் ஒன்றும் இருக்காது. 18-இல் இது தலைகீழ்: மவுண்ட் 'டேட்டா' இல்லாத பாதையில்தான் இருக்க வேண்டும். அதனால் 'லேட்டஸ்ட்' டேகை நம்பாதீர்கள், 17 என்றோ 18 என்றோ எண்ணைப் போடுங்கள். மேஜர் வெர்ஷன் மாறினால் பழைய ஃபைல்களைப் புது சர்வர் திறக்காது; டம்ப் (டேட்டாவின் நகல்) எடுத்து ரீஸ்டோர் செய்ய வேண்டும்.

பார்ட்டி பெயர்களைத் தமிழில் வைப்பதாக இருந்தால் வரிசையை முதலிலேயே யோசியுங்கள். சின்ன இமேஜ் என்று ஆல்பைன் லினக்ஸ் வகையை எடுத்தால் யூனிகோட் எண் வரிசைதான் கிடைக்கும்: ஜ போய் ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ளும், ன போய் ந-வை ஒட்டிக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ் 15-லிருந்து டேட்டாபேஸ் முழுவதற்கும் ஐசியு லொகேல் (மொழிவாரி வரிசை விதிகள்) கொடுக்கலாம். டேட்டாபேஸை உருவாக்கும் இனிட்டிபி கமாண்டின் ஆர்குமெண்ட்டில் லொகேல் புரவைடர் ஐசியு, லொகேல் தமிழ் என்று வைத்தால் அகராதி வரிசை வந்துவிடும். பாதியில் ஆல்பைனிலிருந்து டெபியன் இமேஜுக்கு அதே வால்யூமோடு தாவினால் எழுத்து இண்டெக்ஸ்கள் கெட்டுப்போகும், ரீஇண்டெக்ஸ் கட்டாயம்.

அடுத்தது நேரம். கண்டெய்னர் யூடிசி-யில் (உலகப் பொது நேரம்) ஓடும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். 'இன்றைய தேதி'யை வைத்து உற்பத்தி கணக்கு போட்டால், காலை 5.30 வரை ஏறும் ரோலெல்லாம் முந்தைய நாளில் விழும். நைட் ஷிப்டை முந்தைய நாளில் சேர்ப்பது இங்கே வழக்கம் என்பதால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். 5.30-க்கும் ஷிப்ட் முடிவதற்கும் நடுவே இறங்கிய ரோல்கள் மட்டும் மறுநாளில் நிற்கும்போதுதான் குட்டு உடையும். டைம்ஸோன் என்விரான்மென்ட் வேரியபிளைப் பிறகு சேர்த்துப் பலனில்லை, முதல் ஸ்டார்ட்டிலேயே அது கான்ஃபிக் ஃபைலில் எழுதப்பட்டுவிடுகிறது. ஆல்டர் டேட்டாபேஸ் மூலம் ஏசியா/கொல்கத்தா என்று வையுங்கள். ஷிப்ட் தேதிக்கு டேபிளில் தனி நெடுவரிசை வைப்பது இன்னும் நல்லது.

போஸ்ட்கிரெஸ்ஸின் போர்ட்டை 5432 என்று சும்மா திறந்தால் உபுண்டுவின் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் அதைத் தடுக்காது. டாக்கர் அதைத் தாண்டித் தன் விதிகளை எழுதுகிறது. போர்ட் எண்ணுக்கு முன்னால் 127.0.0.1 (இதே மெஷின்) சேருங்கள். அப்ளிகேஷனும் கண்டெய்னரில் இருந்தால் போர்ட்டே திறக்க வேண்டாம். ஹோஸ்ட் பெயராக லோக்கல்ஹோஸ்ட் கொடுக்காமல் சர்வீஸ் பெயரைக் கொடுத்தால் போதும்.

சர்வர் தயாரா என்று பார்க்கும் ஹெல்த்செக்கில் பிஜி-இஸ்ரெடி கமாண்டைப் போடும்போது ஹோஸ்ட்டாக 127.0.0.1 குறிப்பிடுங்கள். முதல் ஸ்டார்ட்டில் ஒரு தற்காலிக சர்வர் நெட்வொர்க் இல்லாமல் உள் சாக்கெட்டில் மட்டும் எழுந்து ஸ்கிரிப்டுகளை ஓட்டிவிட்டு அணையும். ஹோஸ்ட் கொடுக்காவிட்டால் அதையே 'ரெடி' என்று எண்ணி அப்ளிகேஷன் முந்திப் போய் முட்டிக்கொள்ளும்.

நிறுத்த டாக்கர் தரும் அவகாசம் 10 விநாடி, பிறகு ஒரே வெட்டு. ஸ்டாப் கிரேஸ் பீரியடை ஒரு நிமிடமாக்குங்கள். பெரிய ரிப்போர்ட்டில் 'ஷேர்டு மெமரி, இடமில்லை' என்று வந்தால் டிஸ்கைத் தேட வேண்டாம். கண்டெய்னரின் ஷேர்டு மெமரி வெறும் 64 எம்பி, எஸ்ஹெச்எம்-சைஸை 256 எம்பி ஆக்கினால் பெரும்பாலும் தீரும்.

பேக்கப்புக்கு டாக்கர் எக்ஸெக் வழியாக பிஜி-டம்ப் எடுக்கும்போது டெர்மினலுக்கான 'டி' ஆப்ஷனைச் சேர்க்காதீர்கள். வரி முடிவுகள் மாறி பைனரி டம்ப் கெட்டுவிடும். ஃபைல் அளவைப் பார்த்தால் எதுவும் தெரியாது. கண்டெய்னர்களை இறக்கும் காம்போஸ் டவுனோடு 'வி' போட்டால் வால்யூமும் போய்விடும். அந்த மெஷினில் டவுன் கொடுப்பவர் எல்லோருக்கும் முன்பே சொல்லி வையுங்கள்.