உளவியல் ஆய்வு முறைகள்: நிறை குறைகளைத் தேர்வில் எழுதும் விதம்

உளவியல் தேர்வில் ஆய்வு முறைகளின் நிறை குறைகளை மதிப்பிடச் சொன்னால், மனப்பாடம் செய்த பட்டியலை அப்படியே எழுதிவிட்டு வருவோர் பலர். "ஆய்வகப் பரிசோதனையில் கட்டுப்பாடு அதிகம், ஆனால் சூழல் இயல்பானதன்று" என்ற வரி எந்த ஆய்வுக்கும் பொருந்தும். அதனாலேயே அது மதிப்பெண்ணைப் பெரிதாக ஈட்டித் தருவதில்லை. எனக்குக் கைகொடுத்தது வேறு வழி: ஒரே பொருளைப் பற்றி வெவ்வேறு முறையில் நடந்த ஆய்வுகளை அருகருகே வைத்து, ஆய்வாளர் செய்த எந்தச் செயலால் அந்த நிறையோ குறையோ விளைந்தது என்று தேடிப் படித்தேன்.

அதிகாரத்தில் இருப்பவர் சொல்வதை மக்கள் எந்த அளவுக்குச் செய்வர் என்ற கீழ்ப்படிதல் இதற்கு மிகப் பொருத்தமான தலைப்பு. 1963இல் வெளியான உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராமின் ஆய்வில் 40 ஆண்கள் ஒவ்வொருவராக ஒரே கருவியின் முன் அமர்ந்து, இன்னொருவருக்கு மின் அதிர்ச்சி கொடுப்பதாக நம்பவைக்கப்பட்டனர்; தயங்கியவர்களைத் தொடரச் செய்ய, முன்கூட்டியே வகுத்த சொற்கள் பயன்பட்டன; 26 பேர் உச்ச அளவான 450 வோல்ட் வரை சென்றனர். நடைமுறை இப்படி வரையறுக்கப்பட்டிருந்ததால்தான் பிறரும் அதைத் திரும்பச் செய்து பார்க்க முடிந்தது. ஆனால், மின் அதிர்ச்சி கொடுக்கும் வேலை யாருடைய அன்றாடத்திலும் இல்லை.

1966இல் ஹோஃப்லிங் குழுவினர் இதே கேள்வியை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றனர். அறிமுகமில்லாத ஒருவர் மருத்துவர் என்று சொல்லித் தொலைபேசியில் அழைத்து, உச்ச அளவு 10 மில்லிகிராம் என்று குறிக்கப்பட்டிருந்த மருந்தை 20 மில்லிகிராம் கொடுக்கச் சொன்னபோது, 22 செவிலியரில் 21 பேர் கொடுக்க முற்பட்டனர். இதே சூழலை விவரித்து, என்ன செய்வீர்கள் என்று வேறு செவிலியரிடம் கேட்டபோதோ, பெரும்பாலோர் மறுத்துவிடுவோம் என்றனர். வினாநிரலின் (கேள்விகள் கேட்டுப் பதில் பெறும் முறையின்) குறையை விளக்க இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை. மக்கள் சொல்வதும் செய்வதும் வேறுபடும் என்பதை ஒரே ஆய்வு காட்டிவிடுகிறது.

ஹோஃப்லிங் செய்ததுபோல இயல்பான இடத்தில் நடத்தும் கள ஆய்வுக்கும் ஒரு குறை உண்டு. அந்த மருந்து செவிலியர் அறியாதது; சக ஊழியரிடம் கலந்துபேசவும் வாய்ப்பில்லை. 1977இல் ரேங்க், ஜேக்கப்சன் இருவரும் பழக்கமான மருந்தைக் கொண்டு, கலந்துபேசவும் இடமளித்துச் செய்தபோது 18 பேரில் 16 பேர் மறுத்துவிட்டனர். இயல்பான சூழலாக இருந்தாலும் புறமாறிகள் (ஆய்வாளர் ஆராய எண்ணாத பிற காரணிகள்) முடிவைத் திருப்பிவிடக்கூடும் என்று எழுத இது போதும்.

ஒருவரை மட்டும் ஆழமாக ஆராயும் தனியாள் ஆய்வுக்கு, எச்.எம். என்ற முதலெழுத்துகளால் அறியப்பட்ட நோயாளி ஒருவரே போதும்: 1953இல் நடந்த மூளை அறுவைக்குப் பின் புதிய நினைவுகளைப் பதிக்க இயலாத அவரை ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தனர். அத்தகைய ஆழம் வேறு முறையில் கிட்டாது. ஆயினும் அவருடைய மூளை எல்லாருடைய மூளையும் அன்று. உடன்தொடர்பு ஆய்வைப் பற்றி, இரு மாறிகள் (அளக்கக்கூடிய காரணிகள்) சேர்ந்து மாறுவதால் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது என்பதைத் தெளிவாக எழுதினாலே பெரும்பகுதி முடிந்தது.

இன்னொன்று: பங்கேற்பாளர்களை ஏமாற்றியது அறநெறிக் குறையே தவிர ஏற்புடைமைக் (ஆய்வு அளக்க நினைத்ததையே அளக்கிறதா என்ற) குறையன்று. இரண்டையும் ஒரே பத்தியில் கலந்து எழுதுவதைத் தவிர்த்து, அறநெறிக்குத் தனிப் பத்தி ஒதுக்குங்கள்.