ஓட்டு இல்லாமல் ஒரு மசோதாவுக்காக அலைந்த அனுபவம்

2019 ஏப்ரலில் ஒரு நாள், விடியுமுன் கிரீன் கார்டு (அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) பற்றிய மசோதா ஒன்றுக்கு ஆதரவு கேட்க, நியூ ஜெர்சியிலிருந்து நான்கு பேர் ஒரே காரில் வாஷிங்டன் கிளம்பினோம். நால்வரும் எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர்கள், ஒருவருக்கும் ஓட்டு கிடையாது. சட்டம் போடுகிற இடத்தில் நமக்கு என்ன வேலை என்ற தயக்கம் எனக்கு வழியெல்லாம் இருந்தது. ஏற்கெனவே நான்கைந்து முறை போய்வந்த அக்கா ஒருவர் பின் சீட்டிலிருந்து சொன்னார்: "அரசியல் சாசனத்தோட முதல் திருத்தத்தை எடுத்துப் படிங்க தம்பி. மனு கொடுக்கிற உரிமை மக்களுக்குன்னுதான் இருக்கு. குடிமக்களுக்குன்னு இல்லை."

எங்கள் சிக்கலின் வேர் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. வேலை அடிப்படையில் ஆண்டுக்கு 1,40,000 கிரீன் கார்டுகள். அதில் எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. மனைவி, பிள்ளைகளும் இந்தக் கணக்கில்தான் வருவார்கள். எங்களுடைய இபி-2 பிரிவில் (உயர்படிப்பு தேவைப்படும் வேலைகளுக்கானது) இந்தியர்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 2,800 வரும். மற்ற நாட்டவர் எடுக்காமல் மிஞ்சினால் கொஞ்சம் கூடுதல். நாங்கள் போன சமயத்தில் அந்த வரிசை 2009இல் விண்ணப்பித்தவர்களிடம் நின்றுகொண்டிருந்தது. என் விண்ணப்பத் தேதி 2016. மகள் ஐந்து வயதில் எங்களோடு வந்தவள், 2027இல் அவளுக்கு 21 முடியும். அதற்குள் வரிசை நகராவிட்டால் எங்கள் விண்ணப்பத்திலிருந்து அவள் பெயர் விழுந்துவிடும். பிறகு அவள் தனியாக மாணவர் விசா எடுக்க வேண்டும், இல்லையென்றால் நாட்டைவிட்டுப் போக வேண்டும்.

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் எங்கள் தொகுதி உறுப்பினரையே பார்த்துப் பேசப்போகிறோம் என்று நினைத்திருந்தேன். வந்தவர் இருபத்தைந்து வயதுகூட ஆகியிராத ஓர் உதவியாளர். உள்ளே இடமில்லை என்பதால் அலுவலக வாசலில், நடைவழிச் சுவரோரம் நின்றே பேசினோம். பக்கத்தில் இன்னும் இரண்டு குழுக்கள் காத்திருந்தன. நான் வரைபடங்கள் போட்டு 14 பக்க அறிக்கை தயாரித்துக் கொண்டுபோயிருந்தேன். அவர் பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எங்களிடம் நீங்கள் கேட்பது எந்தப் பக்கத்தில் இருக்கிறது?"

எந்தப் பக்கத்திலும் இல்லை. வரிசை எவ்வளவு நீளம், அது எப்படி அநியாயம் என்பதையெல்லாம் எழுதியிருந்தேன், கேட்க மறந்துவிட்டேன். அக்கா ஒரே வரியில் சொன்னார்: "எச்.ஆர். 1044 மசோதாவில் உங்கள் உறுப்பினர் இணைந்து கையெழுத்திட வேண்டும்." நாட்டு வரம்பை எடுக்கச் சொல்லும் மசோதா அது. உதவியாளர் அதைக் குறித்துக்கொண்டார். அப்புறம் அவர் கேட்டது, "எங்கள் தொகுதியில் உங்களைப் போல எத்தனை குடும்பங்கள்?" அதற்கும் என்னிடம் பதில் இல்லை. கடைசியில் மகளின் வயதைச் சொன்னபோதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தார். சட்டப்படி இங்கே வளர்ந்த குழந்தைக்கு இப்படி நடக்கும் என்பதே அவருக்கு அதுவரை தெரியாது.

இளைஞர் என்று அவரைக் குறைவாக நினைத்தது என் தவறு. குடியேற்ற விஷயத்தில் எந்த மசோதாவில் சேரலாம் என்று உறுப்பினருக்கு எழுதிக் கொடுப்பவர் அவர்தான். அந்த அலுவலகத்துக்குள் நம் கதையை எடுத்துச் செல்ல வேறு ஆள் கிடையாது.

திரும்பி வந்ததும் அறிக்கையை ஒரு பக்கமாக்கினேன். எங்கள் ஊரில் 60 குடும்பங்களின் பட்டியல் எடுத்தோம். ஓட்டு உள்ளவர்களையும் தேடினோம். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும், "நீங்கள் எப்போதோ குடியுரிமை வாங்கிவிட்டீர்கள் என்றல்லவா நினைத்தேன்!" என்றார். எங்கள் சமையலறையில் நின்றபடியே உறுப்பினர் அலுவலகத்துக்கு போன் போட்டார். பெயர், அஞ்சல் குறியீடு, மசோதா எண், ஆதரிக்கச் சொல்லுங்கள், நன்றி. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நான் மூன்று வருடங்களாக மனதுக்குள் போட்டுப் புழுங்கியதை அவர் அத்தனை சாதாரணமாகக் கேட்டுவிட்டார்.

2019 ஜூலை 10இல் காங்கிரஸின் இரண்டு அவைகளில் ஒன்றான பிரதிநிதிகள் சபையில் 365க்கு 65 என்று மசோதா நிறைவேறியது. இரு கட்சியினரும் ஓட்டுப் போட்டார்கள். அன்றிரவு வாட்ஸ்அப் குழுக்களில் யாரும் தூங்கவில்லை.

பிறகு மற்றோர் அவையான செனட். அங்கே எஸ். 386 என்ற எண்ணில் இருந்த இணை மசோதாவை செனட்டர் மைக் லீ ஏகமனதாக நிறைவேற்ற முயன்றார். ஓட்டெடுப்பு வேண்டாம், யாரும் மறுக்காமல் இருந்தாலே போதும் என்பது அந்த முறை. நூறு பேரில் ஒருவர் மறுத்தாலும் அங்கேயே நின்றுவிடும். செவிலியர்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று செனட்டர் ரேண்ட் பால் மறித்தார். மொத்த எண்ணிக்கையைக் கூட்டாமல் நாட்டு வரம்பை மட்டும் எடுத்தால் மற்ற நாட்டவர்கள் பாதிக்கப்படுவார்கள் என்று செனட்டர் டிக் டர்பின் மறித்தார். எங்கள் ஆட்களில் சிலர் டர்பினைத் திட்டித் தீர்த்தார்கள். எனக்கும் கோபம்தான். ஆனால் செனட் கட்டடத்தில் பாதுகாப்புச் சோதனை வரிசையில் பிலிப்பைன்ஸைச் சேர்ந்த ஒரு செவிலியரிடம் பேச நேர்ந்தது. எங்கள் மசோதா வந்தால் தன் தங்கையின் காத்திருப்பு பல வருடம் நீளும் என்றார். அவர் சொன்னது சரி. 1,40,000 என்ற எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு வரிசையை மாற்றினால் யாரோ பின்னால் போய்த்தான் ஆக வேண்டும். நாங்கள் முதல் நாளிலிருந்தே எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லியும் கேட்டிருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஒவ்வொரு மறுப்புக்கும் ஒரு திருத்தம் என்று பேசிப் பேசி, 2020 டிசம்பர் 2இல் செனட்டும் ஏகமனதாக நிறைவேற்றியது. மனைவி அழுதுவிட்டாள். ஆனால் இரு அவைகளும் நிறைவேற்றிய வாசகங்கள் வேறு வேறு. ஒரே வாசகமாக்கினால்தான் அது ஜனாதிபதியின் மேசைக்குப் போகும். அதற்கு ஒரு மாதம்தான் இருந்தது. 2021 ஜனவரி 3இல் அந்தக் காங்கிரஸின் காலம் முடிந்தது, மசோதாவும் அதோடு காலாவதியானது. இரண்டு வருட வேலை. மறுபடி புது எண், புதுக் கையெழுத்துகள். 2022 டிசம்பரில் அதே நோக்கத்தோடு ஈகிள் சட்டம் என்ற பெயரில் சபை ஓட்டெடுப்புவரை வந்து, கடைசி நேரத்தில் எடுக்கப்படாமலே போனது.

சட்டம் மட்டும்தான் வழி என்று இருந்துவிட வேண்டாம். எச்-4 என்பது எச்-1பியில் இருப்பவர்களின் குடும்பத்துக்கான விசா. அதில் இருக்கும் கணவன் அல்லது மனைவி சிலருக்கு வேலை அனுமதி தரும் விதியின் வரைவை 2014இல் அரசு பொதுமக்கள் கருத்துக்கு வைத்தது. யார் வேண்டுமானாலும் எழுதலாம். என் மனைவி தன் படிப்பையும், வீட்டில் கழிந்த வருடங்களையும் இரண்டு பக்கம் எழுதி அனுப்பினாள். 2015 மே 26இல் விதி நடைமுறைக்கு வந்தது. காங்கிரஸில் ஒரு ஓட்டுகூடத் தேவைப்படவில்லை. ஆனால் விதியை அடுத்து வரும் அரசு திரும்பப் பெற முயலலாம், அந்தப் பயம் கூடவே இருக்கும்.

2023இல் அமெரிக்காவின் குழந்தைகள் சட்டம் என்ற மசோதா மறுபடி தாக்கலானது. பெற்றோரின் விண்ணப்பத் தேதியில் பிள்ளையின் வயதை நிறுத்திவைக்கச் சொன்னது அது. இந்த முறை வாஷிங்டன் போகவில்லை. உள்ளூர்த் தொகுதி அலுவலகத்தில் நேரம் கேட்டோம், அங்கே கூட்டம் குறைவு. பேசியது மகள். அவளுக்கு அப்போது பதினேழு வயது. நான் எழுதிக் கொடுத்த தாளில் பாதியை அடித்துவிட்டு, தன் பள்ளியின் பெயரை முதல் வரியில் போட்டிருந்தாள். எதிரே இருந்த உதவியாளரும் அதே பள்ளியில் படித்தவராம். பதினைந்து நிமிடம் கொடுத்திருந்தார்கள், முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கிளம்பும்போது அவர் தன் நேரடி மின்னஞ்சல் முகவரியை எழுதி அவளிடம் கொடுத்தார், என்னிடம் இல்லை. அன்றிரவே அவள் நன்றி எழுதி, மசோதா எண்ணைக் கடைசி வரியில் சேர்த்து அனுப்பினாள்.