மூன்று மதிப்பெண்ணில் நழுவிய மானியம்

அமெரிக்கக் கல்வித் துறை மானியங்களைத் தேர்வு செய்யும் முறையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், 2010-இல் நியூ ஜெர்சி மாநிலத்துக்கு நேர்ந்ததுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. மாநிலங்களுக்கு இடையே நடந்த 'ரேஸ் டு த டாப்' என்ற மானியப் போட்டியின் இரண்டாம் சுற்றில் விண்ணப்பங்களுக்கு 500 மதிப்பெண்கள் என்ற அளவில் புள்ளியிடப்பட்டது. கல்விச் செலவு குறித்த ஒரு கேள்விக்கு 2008, 2009 ஆண்டுகளின் விவரங்களைக் கேட்டிருக்க, அந்த மாநிலம் வேறு ஆண்டுகளின் விவரங்களை இணைத்ததால் ஏறத்தாழ ஐந்து மதிப்பெண்களை இழந்தது. கடைசியாகத் தேர்வான ஒஹையோவுக்கும் அதற்கும் இடையே இருந்த வேறுபாடோ மூன்று மதிப்பெண்தான். கைநழுவியது சுமார் 40 கோடி டாலர்.

வழக்கமான போட்டிகளில், எந்தத் தகுதிக்கு எத்தனை மதிப்பெண் என்பது விண்ணப்பம் கோரும் அறிவிப்பிலேயே இருக்கும். தேவை, திட்ட வடிவமைப்பு, பணியாளர், மேலாண்மை, மதிப்பீட்டு முறை போன்றவை அத்தகுதிகள். துறைசார் வல்லுநர்கள் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் படித்து, மதிப்பெண்ணுடன் நிறை, குறைகளையும் எழுதித் தருவார்கள். அவற்றைக் கொண்டு தரவரிசை உருவாகும். எவற்றுக்கு முக்கியத்துவம் தர வேண்டும் என்று துறை அறிவிக்கும் முன்னுரிமைகளிலும் வேறுபாடு உண்டு: சிலவற்றை நிறைவு செய்யாவிட்டால் விண்ணப்பமே ஏற்கப்படாது, சில கூடுதல் மதிப்பெண் தரும், சில மதிப்பெண் எதுவும் தராமல் வெறும் அழைப்பாகவே நின்றுவிடும். (இந்த மூன்றாம் வகையால் யாருக்கு என்ன பயன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.)

தரவரிசையே இறுதி முடிவு என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் முந்தைய மானியங்களை விண்ணப்பதாரர் எப்படிப் பயன்படுத்தினார், விதிகளை மீறினாரா என்பவற்றையும் பார்த்த பின்னரே துறை தேர்வை முடிவு செய்கிறது.