காசல்ரீ நிரம்பினால் கட்டணம் குறையுமா?

தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டதும், மலையகத்தின் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் வான் பாயும் நிலையை எட்டிவிட்டன என்றும், மேல் கொத்மலையின் வான்கதவு திறக்கப்பட்டுவிட்டது என்றும் செய்தி வரும். அன்றைக்கே தலவாக்கலை, அட்டன் பக்கத்துத் தேநீர்க் கடைகளில் "தண்ணி இவ்வளவு இருக்கே, இனி கரண்ட் பில் குறையணும்தானே" என்ற பேச்சும் எழுந்துவிடும். எதிர்பார்ப்பு நியாயமானதுதான். எங்கள் மலைகளில் விழும் மழைக்கு எவரும் விலை கேட்பதில்லை. அந்த நீர் சுழலியைச் சுற்றும்போது எரிபொருட் செலவு என்று ஒன்றும் இல்லை. ஆயினும் உற்பத்திச் செலவு இறங்குவதற்கும் லயத்து வீட்டு மின்பட்டியலில் தொகை இறங்குவதற்கும் இடையில் பல கைகள் இருக்கின்றன.

விலையைத் தானாக இறக்கிவிடும் மொத்தச் சந்தை எதுவும் இலங்கையின் மின்துறையில் இருந்ததில்லை. உற்பத்தியாகும் மின்சாரத்தைப் பல்லாண்டுகளாக மின்சார சபை ஒன்றே மொத்தமாக வாங்கிவந்தது; பகிர்ந்து விற்பதிலும் பெரும்பங்கு அதனுடையதாகவே இருந்தது. லக்சபான நீர்மின் தொகுதியும் 150 மெகாவாட் கொண்ட மேல் கொத்மலையும் முழு வீச்சில் இயங்கினால் செலவு இறங்கும். மழை பொய்த்தால் 900 மெகாவாட் கொண்ட நுரைச்சோலையின் நிலக்கரியும், அதற்கும் மேலே டீசலும் உலை எண்ணெயும் கைகொடுக்க வேண்டியிருப்பதால் செலவு ஏறும். நல்ல மழை ஆண்டில் நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதியைத் தரும் நீர்மின், வறண்ட ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். இந்த ஏற்ற இறக்கம் உண்மையானது. ஆனால் பட்டியலில் உள்ள தொகை முழுவதும் உற்பத்திச் செலவு அல்ல. கம்பிகள், மின்மாற்றிகள், ஊழியர் சம்பளம், பழைய கடன், அதன் வட்டி ஆகியவை மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் அப்படியே நிற்கின்றன. போதாததற்கு, கட்டணம் வரப்போகும் மாதங்களுக்கான முன்மதிப்பீட்டின்மீது நிர்ணயிக்கப்படுகிறது. எனவே எதிர்பாராமல் கொட்டிய மழையின் பயன் அடுத்த திருத்தம் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

தாமதம் மட்டும்தான் சிக்கல் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று: குறைந்த செலவு யாருடைய பட்டியலில் போய்ச் சேர வேண்டும் என்பதை மழையோ எண்ணெயோ தீர்மானிப்பதில்லை, கட்டண அட்டவணையே தீர்மானிக்கிறது.

மாதம் 30 அலகு பாவிக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு மூன்று மின்குமிழ், ஒரு தொலைக்காட்சி, கைத்தொலைபேசிக்கு மின்னேற்றம். தோட்டப்புறத்தில் இப்படியான வீடுகள் ஏராளம். 2022 ஆகஸ்ட் திருத்தத்துக்கு முன்னர் அலகுக்கு 2 ரூபா 50 சதமும் நிலையான கட்டணம் 30 ரூபாவுமாக, வரி நீங்கலாக 105 ரூபா. அந்த ஆகஸ்டில் 360 ரூபா. 2023 பெப்ரவரியில் அலகுக்கு 30 ரூபாவும் நிலையான கட்டணம் 400 ரூபாவும் ஆக, அதே 30 அலகுக்கு 1,300 ரூபா. நாடு முழுவதற்குமான சராசரி உயர்வு 66 வீதம் என்றுதான் அறிவிக்கப்பட்டது. இந்த வீட்டுக்கோ அது மூன்றரை மடங்குக்கும் மேல். உலகச் சந்தையில் 2022 ஜூனில் பீப்பாய் 120 டொலரைத் தாண்டிய பிரென்ட் மசகு எண்ணெய், அவ்வாண்டு முடிவதற்குள் 90 டொலருக்குக் கீழே இறங்கிவிட்டிருந்த நிலையில்தான் இந்த உயர்வு வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரூபாவின் வீழ்ச்சி, சபையின் நட்டம், செலவை ஈடுசெய்யும் கட்டணம் வேண்டும் என்ற சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனை என்று காரணங்கள் இருந்தன. அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் வீதக் கணக்கில் மிகப் பெரிய உயர்வை மிகக் குறைவாகப் பாவிப்பவர்களின் தலையில் வைத்தது ஒரு முடிவு; கணக்கு அதைக் கேட்கவில்லை.

இறக்கத்திலும் அதே கதை தலைகீழாக நடந்தது. 2023 ஜூலையில் சராசரிக் குறைப்பு 14.2 வீதம்; எங்கள் 30 அலகு வீட்டுக்கு 1,300 ரூபா 450 ரூபாவாகியது. இடையில் ஒக்டோபரில் 18 வீதம் ஏறி, 2024 மார்ச்சில் 21.9 வீதமும் ஜூலையில் 22.5 வீதமும் இறங்கி, 2025 ஜனவரி 17 முதல் மேலும் 20 வீதம் குறைக்கப்பட்டபோது அந்த வீட்டுத் தொகை 195 ரூபாவுக்கு வந்தது. ஆக, செலவு குறைந்தால் கட்டணம் குறையும் என்பதற்கு எங்கள் கண்முன்னே சான்று உண்டு. 105 ரூபாவுக்கு அது திரும்பவில்லை என்பதும் உண்மை.

அந்த ஜனவரிக் குறைப்பு எப்படிக் கிடைத்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். இருக்கும் கட்டணத்தை மாற்றாமல் வைத்திருக்கலாம் என்பதே மின்சார சபையின் முன்மொழிவு. மின்கட்டணத்தை ஒழுங்குபடுத்தும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அந்தக் கணக்குகளைச் சோதித்து, மக்கள் கருத்தையும் கேட்டபின், 20 வீதம் குறைக்குமாறு தீர்மானித்தது. விற்பவரே மனமிரங்கி இறக்கிய விலை அல்ல அது. ஆனால் அதே ஆண்டு ஜூனில் 15 வீதம் மீண்டும் ஏறியது. ஜனவரியில் வெட்டியது ஆழம் கூடிவிட்டதா, ஜூனில் ஏற்றியது அவசரமா என்று இன்றும் வாதிடுகிறார்கள். ஐந்து மாதத்துக்குள் இரு திசையிலும் இப்படித் தாவும் கட்டணத்தை வைத்து ஒரு சிறு பேக்கரிக்காரரோ அரைக்கும் ஆலைக்காரரோ எதைத் திட்டமிடுவது என்பதே என் கேள்வி. சிறிய, அடிக்கடி நிகழும் திருத்தங்களே மேல் என்று நினைக்கிறேன்.

எரிபொருளில் இப்படித் தட்டிக்கேட்கும் இடம்கூட இருக்கவில்லை. 2020 ஏப்ரலில் பிரென்ட் 20 டொலருக்கும் கீழே போனபோது இங்கே ஒக்டேன் 92 பெற்றோல் 137 ரூபாவிலேயே நின்றது. மிச்சம் ஒரு நிலைப்படுத்தல் நிதிக்குப் போகும், விலை ஏறும்போது அது எங்களைக் காக்கும் என்றது அரசாங்கம். 2021 ஜூனில் விலை ஏறியபோது 137 ரூபா 157 ரூபாவாகியது. காப்பை எவரும் காணவில்லை. மண்ணெண்ணெயோ 2022 ஆகஸ்டில் ஒரே இரவில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குத் தாவியது. பின்னர் 200 ரூபாவுக்குக் கீழே வந்தாலும், அதற்குள் பல வீடுகளில் மண்ணெண்ணெய் அடுப்பு ஓரமாகி, விறகுக்கட்டு மீண்டும் முதுகில் ஏறியிருந்தது.

மின்சாரமும் டீசலும் இறங்கினால் மற்றவை இறங்குமா என்றால், விலைச் சூத்திரமும் அதன்படி குறைக்கச் சொல்லும் அமைப்பும் இருக்கும் இடத்தில் மட்டும் இறங்குகிறது. 2022 ஆகஸ்டில் டீசல் விலை குறைந்தபோது பஸ் கட்டணம் 11 வீதமளவில் குறைக்கப்பட்டு, ஆகக்குறைந்த கட்டணம் 38 ரூபாவிலிருந்து 34 ஆனது. போக்குவரத்து ஆணைக்குழு கணக்குப் போட்டதால் அது நடந்தது. அதே டீசலில் வரும் மரக்கறி லொறியின் கூலியோ, பெற்றோலில் ஓடும் ஆட்டோவின் கூலியோ, கேஸில் அவியும் கடை இடியப்பமோ அப்படிப் பின்வாங்கியதாக எனக்கு நினைவில்லை. கடைக்காரரைக் குறை சொல்லவும் முடியவில்லை: ஏறிய காலத்தில் அவர் பட்ட நட்டத்தை இறங்கும் காலத்தில்தான் ஈடுசெய்கிறார்.

தேயிலைத் தொழிற்சாலையின் நிலை இன்னும் வித்தியாசமானது. கொழுந்தை வாட்டும் விசிறிகள் இரவு முழுவதும் ஓடுவதால் மின்கட்டணம் அங்கே பெரிய செலவு. ஆனால் தேயிலையின் விலை கொழும்பு ஏலத்தில் தீர்மானமாகிறது. மின்சாரம் மலிவானால் அந்த மிச்சம் தொழிற்சாலையின் கணக்கிலேயே தங்கும். தேயிலை வாங்குபவருக்கோ கொழுந்து பறிப்பவருக்கோ அது போய்ச் சேர வழி எதுவும் அமைக்கப்படவில்லை.

பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மின்கட்டணத் திருத்தத்துக்கு முன்னர் எழுத்திலும் நேரிலும் கருத்துக் கேட்கிறது. கண்டியிலும் அமர்வு நடந்திருக்கிறது. அங்கே பெரும்பாலும் தொழில்துறையினரும் ஹோட்டல்காரர்களும் தங்கள் பிரிவுக்காகப் பேசுகிறார்கள். 30 அலகு, 60 அலகு வரை பாவிப்போருக்கான கட்டணப் படிகளுக்காகவும் அவற்றின் நிலையான கட்டணத்துக்காகவும் பேசத் தோட்டப்புறத் தொழிற்சங்கங்கள் தமிழில் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போகலாம். சம்பளப் பேச்சுக்கு எடுக்கும் சிரமத்தில் பத்தில் ஒரு பங்குகூட இதற்குத் தேவைப்படாது.